ஓய்ந்திருத்தல் அறமாகுமா?

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

‘உழைப்பின் உயர்வு’ என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். எளிய பொருள் என்றே முதலில் எண்ணினேன். எறும்பையும் தேனீயையும் சான்றுக்கு அழைத்து அரைமணி நேரத்தை நிரப்பிவிடலாம். ஆனால் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் பயிலும் என் பேத்தி அருகில் வந்து, “எதைப் பற்றித் தாத்தா பேசப் போகிறீர்கள்?” என்றாள். சொன்னேன். அவள் சிரித்துவிட்டுக் கேட்டாள்: “நம் கோயிலில் தீர்த்தங்கரர்கள் எல்லாரும் அமர்ந்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அசையாமல் நிற்கிறார்கள். ஒருவர் கையிலும் ஒரு கருவி இல்லை. மனத்தாலும் வாக்காலும் காயத்தாலும் செயல் நிகழ்ந்தால் வினை வந்து சேரும் என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? அப்படியானால் சும்மா இருப்பவர்தானே நல்ல சமணர்?”

எடுத்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். அவள் கேள்விக்கு விடை காண முயன்றதே இன்றைய என் உரை.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம்மைப் பற்றி அயலார் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். துறவைப் போற்றுகிற சமயம், ஆகவே செயலை வெறுக்கிற சமயம் என்பது அவர்கள் கணக்கு. நம்மவருள்ளும் சிலர், “எல்லாம் வினைப்பயன், நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று திண்ணையில் சாய்ந்துகொள்கிறார்கள். இது சமணக் கொள்கை அன்று. சமணம் தோன்றிய காலந்தொட்டு எதிர்த்து வாதாடிய கொள்கை இது.

பகவான் மகாவீரர் காலத்தில் ஆசீவகர் என்னும் ஒரு சாரார் இருந்தனர். மற்கலி கோசாலர் அவர்களுடைய ஆசான். நிகழ்வன யாவும் நியதிப்படியே நிகழும். மனித முயற்சி என்று ஒன்று இல்லை என்பது அவர்கள் துணிபு. அந்நெறியைப் பின்பற்றிய சத்தாலபுத்திரன் என்னும் குயவனின் வரலாறு, சுவேதாம்பர மரபினர் போற்றும் உபாசகதசை என்னும் ஆகமத்தில் வருகிறது. நாம் திகம்பர மரபினராயினும் அந்த வரலாற்றை அறிந்துகொள்வதில் குறைவொன்றும் இல்லை.

பொலாசபுரத்தில் வாழ்ந்த அவன் செல்வம் மிக்கவன். ஐந்நூறு மட்கலக் கடைகள் அவனுக்கு இருந்தன. ஒருநாள் அவன் பானைகளை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தபோது பகவான் அங்கே எழுந்தருளி, “இப்பானைகள் எவ்வாறு உண்டாயின?” என்று வினவினார். மண்ணெடுத்து, நீர்விட்டுப் பிசைந்து, சாம்பலும் சாணமும் கலந்து, சக்கரத்தில் ஏற்றி வனைந்த முறையை அவன் விளக்கினான். “அப்படியானால் இவை முயற்சியால் உண்டாயினவா, முயற்சியின்றி உண்டாயினவா?” என்று பகவான் அடுத்துக் கேட்டார். தன் சமயக் கொள்கையை விட்டுக்கொடுக்க மனமில்லாத குயவன், “முயற்சி என்பதே இல்லை, எல்லாம் நியதி” என்றான். “உன் பானைகளை ஒருவன் திருடினால், அல்லது உடைத்தால், என் செய்வாய்?” என்றார் பகவான். “அவனைப் பிடித்துக் கட்டுவேன், அடிப்பேன்” என்று உடனே வந்தது விடை. முயற்சி இல்லையென்றால் திருடியவனும் இல்லை, உடைத்தவனும் இல்லை. பிறகு யாரை அடிப்பது? குயவன் வாயடைத்து நின்றான். பின்னர் அவன் சிராவக விரதங்களை ஏற்றான் என்று அந்நூல் கூறும்.

இந்த வரலாற்றில் என்னைக் கவர்வது ஒன்று உண்டு. அவன் சோம்பேறி அல்லன். கை நிறைய மண்ணோடு நின்றவன். உழைத்துக்கொண்டே உழைப்பை மறுத்தவன். தன் இழப்பு என்று வரும்போது முயற்சியை ஒப்புக்கொண்டு, தன் கடமை என்று வரும்போது நியதியின்மேல் பழிபோடுகிற வழக்கம் அவனோடு போய்விடவில்லை.

தமிழிலும் இந்த வாதம் நடந்திருக்கிறது. நம் நீலகேசியில் ஆசீவக வாதத்திற்கென்றே ஒரு சருக்கம் உண்டு. அங்கே நீலகேசி பூரணன் என்பானோடு வாதிட்டு வெல்கிறாள். சமய திவாகரர் என்னும் வாமன முனிவரின் உரையோடு அந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டில் பதிப்பித்தார். கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டே அவர் செய்த பணி அது. திருக்குறளிலும் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த ஆசிரியரின் உள்ளம் எப்பக்கம் சாய்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, என் பேத்தியின் கேள்விக்கு நேராக வருகிறேன்.

வினைக்கட்டுக்குக் காரணங்கள் எவை என்று தத்துவார்த்த சூத்திரம் எட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஐந்தை எண்ணுகிறது. பொய்க்காட்சி, விரதமின்மை, பிரமாதம், கஷாயம், யோகம் என்பன அவை. யோகம் என்பது மனம், வாக்கு, காயம் ஆகியவற்றின் செயல். பேத்தி சொன்னது சரிதான். செயலும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது கடைசியில் இருக்கிறது. அதற்கு இரண்டு படி முன்னதாகப் பிரமாதம் இருக்கிறது. படிப்படியாக மேலேறும் ஆன்மா பிரமாதத்தை விட்ட பிறகுதான் கஷாயத்தை வெல்ல முடியும். கஷாயத்தை வென்ற பிறகுதான் யோகத்தை நிறுத்த முடியும். கடைசிப் படிக்கு உரியதை முதற்படியில் நின்றுகொண்டு கோருவது எப்படிப் பொருந்தும்?

பிரமாதம் என்றால் என்ன? இந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு விந்தையான கதி நேர்ந்துவிட்டது. “சமையல் பிரமாதம்”, “கச்சேரி பிரமாதம்” என்று புகழுரையாக வழங்குகிறோம். நம் ஆகமங்களில் அதற்குக் கவனமின்மை, அசட்டை, செய்ய வேண்டியதில் ஊக்கமின்மை என்று பொருள். பதினான்கு குணத்தானங்களுள் ஆறாவதற்குப் பெயரே ‘பிரமத்த சம்யதம்’. எல்லாவற்றையும் துறந்து மகாவிரதம் ஏற்ற முனிவருக்கும் பிரமாதம் எஞ்சியிருக்கிறது என்பது இதன் பொருள். அவர் விழிப்புற்று ஏழாம் நிலைக்கு ஏறுவார். சற்றே தளர்ந்தால் ஆறாம் நிலைக்கு இறங்குவார். ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். அதற்குள்ளாகவே இந்த ஏற்ற இறக்கம் நிகழ்கிறது என்பர். துறவியின் நிலையே இதுவானால், காலையில் நாளிதழைப் பிரித்து நண்பகலில் மடிக்கிற நம் நிலை என்ன?

பிரமாதங்கள் பதினைந்து என்று வகுத்திருக்கிறார்கள். விகதை நான்கு, கஷாயம் நான்கு, புலன்வழிச் செல்லுதல் ஐந்து, உறக்கம் ஒன்று, பற்று ஒன்று. சோம்பல் என்றதும் நமக்கு உறக்கம்தான் நினைவுக்கு வருகிறது. பெரியோர்களின் கணக்கில் உறக்கத்திற்கு ஓர் இடமே. வீண்பேச்சுக்கு நான்கு இடம். பெண்களைப் பற்றிய பேச்சு, உணவைப் பற்றிய பேச்சு, நாட்டைப் பற்றிய பேச்சு, அரசரைப் பற்றிய பேச்சு என்று அந்நான்கையும் பெயர்சொல்லியே குறித்தார்கள். தேநீர்க் கடைப் பலகையை அவர்கள் கண்டதில்லை. ஆனால் அதை அறிந்திருக்கிறார்கள்.

பிரமாதத்தை ஏன் இவ்வளவு கடிந்தார்கள்? இம்சைக்கு இலக்கணம் கூறும்போது தத்துவார்த்த சூத்திரம் உயிரைப் போக்குதல் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்றது. இதைப் பல ஆண்டுகள் நான் பாடமாக ஒப்புவித்திருக்கிறேன். அதன் பொருள் விளங்கியது எனக்கு அறுபத்தைந்தாம் வயதில். அதைச் சபையில் சொல்ல நாணுகிறேன்; ஆயினும் சொல்லிவிடுகிறேன்.

வந்தவாசி வட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் தந்தையார் மாலை வேளைகளில் ஊராருக்கு ஸ்ரீபுராணம் வாசித்துப் பொருள் சொல்வார். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி. அதில் பதினொரு ஓலைச்சுவடிகள். பெரும்பாலானவை அச்சில் வந்துவிட்ட நூல்களின் படிகள். ஒன்று மட்டும் அப்படியன்று. எங்கள் ஊர் ஜினாலயத்துப் பெருமான்மீது என் கொள்ளுப்பாட்டனார் பாடி, தம் கையாலேயே எழுதிய பாடல்கள் அதில் இருந்தன. தந்தையார் ஆண்டுதோறும் வெயில் காலத்தில் பெட்டியை இறக்கி, ஏடுகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, நிழலில் உலர்த்தி, மறுபடி கட்டி வைப்பார். அவர் மறைவதற்குச் சில திங்களுக்கு முன், “அந்தக் கட்டை மட்டும் தாளில் எழுதி வைத்துவிடப்பா” என்றார். “ஓய்வு பெற்றதும் முதல் வேலை அதுதான் அப்பா” என்றேன்.

ஓய்வும் பெற்றேன். நேரம் நிறைய இருந்தது. நேரம் நிறைய இருந்ததே கேடாயிற்று. அலுவலகம் சென்ற காலத்தில் இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஏதேனும் எழுதுவேன். ஓய்வு பெற்ற பின் நாள் முழுவதும் எனக்கே உரியதாக இருந்தும் ஒரு பக்கமும் எழுதவில்லை. தைக்குப் பிறகு பார்க்கலாம், மழை விடட்டும், கண்ணாடி மாற்றிய பின் தொடங்கலாம் என்று ஏழு ஆண்டுகள் கடந்தன. பெட்டியை இறக்கி வெயில் காட்டுவதும் நின்றுபோயிற்று.

ஒருநாள் சுவரில் மண்கோடு ஒன்று பரணை நோக்கி ஏறியிருப்பதைக் கண்டேன். ஆள் வைத்துப் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்தால் உள்ளே ஏடுகள் இல்லை, ஈரமண் இருந்தது. அந்த மண்ணெங்கும் வெண்ணிறமாக உயிர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. வேலைக்கு வந்தவர், “ஐயா, இதை இப்படியே விட்டால் உத்தரத்திலும் ஏறிவிடும்” என்று சொல்லிப் பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிச் சென்றார். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். நான் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாவென்றும் சொல்லவில்லை. அவர் தாமே அடுக்களைப் பக்கம் சென்று எடுத்து வந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியல் கூறும். நம் ஆகமமும் அவ்வாறே கூறும். நீரை வடிகட்டிப் பருகுகிறவன் நான். இரவில் உண்ணாதவன். நடக்கும்போது தரை பார்த்து நடக்கக் கற்பிக்கப்பட்டவன். அன்று அந்தி வேளைக்குள் என் பொருட்டு மாண்ட உயிர்களுக்கு எண்ணிக்கை இல்லை. அவ்வுயிர்களிடம் எனக்குச் சினம் இருந்ததா? இல்லை. கொல்லும் எண்ணம் இருந்ததா? அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருநாள் செய்ய வேண்டிய ஒரு வேலையை ஏழு ஆண்டுகள் செய்யாமல் இருந்தேன், அவ்வளவே. அதுவே கொலையாக முடிந்தது. கொள்ளுப்பாட்டனாரின் சுவடியில் மிஞ்சியவை இரண்டு ஏடுகள். அவற்றிலும் ஓரம் போய்விட்டது. மூன்று பாடல்களைத்தான் முழுமையாகப் படிக்க முடிகிறது.

பிரதிக்கிரமணத்தில் இதை நாள்தோறும் நினைக்கிறேன். ஆனால் பாடல்கள் திரும்பி வரவில்லை.

ஆகவே, சும்மா இருப்பது அகிம்சை என்று என் பேத்தி எண்ணியது போல நீங்களும் எண்ணாதீர்கள். கூரையை வேயாதவன், வடிகாலைத் தூர்வாராதவன், தானியத்தைக் காயவைத்துப் புடைக்காதவன் ஆகியோர் செய்கிற இம்சையே, செய்கிறவனின் இம்சையைவிடப் பல வேளைகளில் பெரிது. தானியத்தில் பூச்சி வருமுன் காயவைப்பவர் உயிர்களைக் காப்பாற்றுகிறார்; வந்த பின் வெயிலில் கொட்டுகிறவர் கொல்கிறார். நம் பாட்டிமார்கள் இதை நூல் படிக்காமலேயே அறிந்திருந்தார்கள்.

எனினும், எதையாவது செய்துகொண்டே இருப்பதும் சிறப்பாகாது. சமந்தபத்திர சுவாமிகள் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் ‘அனர்த்த தண்ட விரதம்’ என்று ஒன்றை வகுத்தார். அந்நெறியையே நம் அருங்கலச்செப்பு தமிழில் தருகிறது. பயனின்றிப் பாவத்துக்கு ஆளாகாமை என்பது அதன் கருத்து. காரணமின்றி மண்ணைக் கிளறுவது, நீரை இறைப்பது, தீ மூட்டுவது, செடியைக் கிள்ளுவது, வெறுமனே அலைவது ஆகியவை ‘பிரமாத சரியை’ எனப்பட்டன. பேசிக்கொண்டே வேலியிலுள்ள இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறோமே, அதுதான். பழுதான நூல்களைக் கேட்பதும் இவ்விரதத்திற்கு மாறானது. கைப்பேசியில் விரலை மேலே தள்ளித் தள்ளி இரவு பன்னிரண்டு மணி வரை நாம் பார்ப்பவற்றை எந்த வகையில் சேர்ப்பது என்று முனிவர்களைக் கேட்க வேண்டியதில்லை. அங்கே விரல் ஓய்வதே இல்லை; செய்யப்படுவதும் ஒன்றும் இல்லை.

இனி, இருடப தேவரைப் பற்றிச் சிறிது. ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த வரலாறே. ஆதியில் இந்நிலம் போகபூமியாக இருந்தது. பத்து வகைக் கற்பக மரங்கள் உணவும் உடையும் அணியும் விளக்கும் தந்தன. உழவில்லை, வாணிகமில்லை, பசியுமில்லை. காலம் மாற, மரங்கள் மறைந்தன. மக்கள் அஞ்சி நாபி மகாராசரிடம் ஓடினர். அவர் தம் மகனிடம் அனுப்பினார். இருடப தேவர் அவர்களுக்குப் புதிய மரம் ஒன்றை வரவழைத்துத் தரவில்லை. வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். தம் புதல்வியர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் பயிற்றினார். நிலம் கருமபூமியாயிற்று.

இதைச் சிறுவயதில் கேட்டபோது, கற்பக மரங்கள் போய்விட்டனவே என்று வருந்தியிருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போகபூமியில் பிறந்தோர் நற்காட்சி பெறலாம்; விரதம் ஏற்க அவர்களால் ஆகாது. ஆகவே அங்கிருந்து வீடுபேறு இல்லை. தேவருலகத்துக்கும் இதே நிலைதான். கருமபூமியில் பிறந்த மனிதன் ஒருவனுக்கே அவ்வழி திறந்திருக்கிறது. வியர்வை சிந்த வேண்டியிருக்கிற இடத்தில்தான் தவமும் இயலும் என்று நம் முன்னோர் கண்டனர்.

தீர்த்தங்கரர்கள் ஏன் அசையாமல் இருக்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. சிரவணபெளகொளாவில் சாமுண்டராயர் எழுப்பிய பாகுபலி சுவாமியின் திருவுருவைக் கண்டிருப்பீர்கள். கால்களிலும் தோள்களிலும் கொடி படர்ந்திருக்கிறது. ஓராண்டு நின்ற தவத்தின் அடையாளம் அது. கொடி படரும் அளவுக்கு ஒருவர் நிற்க வேண்டுமானால் உள்ளே எத்தகைய முயற்சி வேண்டும்! நம்மில் ஒருவர் சாமாயிகத்தில் ஒரு முகூர்த்தம் அசையாமல் அமர்ந்து பார்த்தால், அது ஓய்வா உழைப்பா என்பது விளங்கிவிடும். பகவான் மகாவீரரும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தவம் இயற்றினார். கேவல ஞானம் பெற்றபின் தமக்கென அடைய வேண்டியது எதுவும் எஞ்சவில்லை. அதன் பின்னரும் 30 ஆண்டுகள் ஊர் ஊராக விகாரம் செய்து அறம் உரைத்தார். இதைச் சொன்னபோது என் பேத்தி மறுமொழி கூறவில்லை. “அப்படியானால் நீங்கள் ஏன் தாத்தா மதியம் மூன்று மணி நேரம் தூங்குகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டாள். பதினைந்தில் அது ஒன்றுதான் என்று சமாளித்தேன்.

முதியோர்களாகிய நம்மைப் பற்றி ஒரு செய்தி. உ. வே. சாமிநாதையர் 1880இல் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, தமிழில் பெரும்புலமை பெற்றிருந்தும் அதன் சமயக் கருத்துகள் விளங்காமல் தவித்தார். விடை தேடிக் கும்பகோணத்தில் சமண அன்பர்களின் இல்லத்துக்குச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருக்கு உதவினர். அவர் சென்ற நாள், அந்த இல்லத்தில் சிந்தாமணியை முறையாக ஓதி நிறைவு செய்த நாளாக இருந்தது. வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. 1887இல் அந்நூல் அச்சாகி வெளிவந்தபோது ஐயரின் பெயர் உலகறிந்தது. அது அவர் உழைப்புக்குத் தக்க புகழே. ஆனால் அந்தத் தோரணத்தை நினைத்துப் பாருங்கள். யாரும் கேட்காத காலத்தில், யாரும் பாராட்டாத காலத்தில், ஒரு குடும்பம் நாள்தோறும் அமர்ந்து சில பாடல்களைப் படித்துப் பொருள் சொல்லி வந்தது. ஒரு நாள் ஒருவர் கேட்டு வந்தபோது சொல்வதற்கு அவர்களிடம் விடை இருந்தது. என் வீட்டுக்கு யாரேனும் கேட்டு வந்திருந்தால் நான் மண்ணைத்தான் காட்டியிருப்பேன்.

நம் ஊர்களில் இன்னும் பல பரண்கள் இருக்கின்றன. பெட்டிகளும் இருக்கின்றன. எவருடையது என்று நான் கேட்கப் போவதில்லை. இங்கே அமர்ந்திருக்கிறவர்களுள் சிலர் இப்போது மனத்துக்குள் தம் வீட்டுப் பரணைப் பார்த்துக்கொண்டிருப்பது முகத்திலேயே தெரிகிறது.

அறக்கட்டளையினர் தருமசாலையின் பின்கூடத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறோம். சுவடி இருப்பவர்கள் கட்டைப் பிரிக்காமல், துணியில் சுற்றி, அப்படியே கொண்டு வாருங்கள். சுவடி இல்லாதவர்கள் மெல்லிய தூரிகை ஒன்றும் பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றும் கொண்டு வாருங்கள். எலுமிச்சைப்புல் தைலம் நான் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருவர் வர இசைந்திருக்கிறார்கள். அவர்கள் படிக்கப் படிக்க எழுதுவதற்கு இளையவர்கள் வேண்டும். என் பேத்தி தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். முதலில் அந்த இரண்டு ஏடுகளையும் எழுதப் போகிறோம். மூன்று பாடல்கள்தாம், நண்பகலுக்குள் முடிந்துவிடும். அதன்பின் யார் பெட்டி முதலில் வருகிறதோ, அது.